சோளக்கொல்லையில் போட்ட லைன்

வடக்கனந்தல் பக்கம் லைன் என்ற சொல் எல்லாவற்றுக்கும் வரும். ரேஷன் கடையில் லைனில் நிற்போம். கரும்பு நட லைன் பிடிப்பார்கள். மழை வந்தால் போனில் லைன் கிடைக்காது. ஆசுபத்திரியில் கையில் ஊசி குத்தி மருந்து பாட்டில் மாட்டினால் அதுவும் லைன்தான். இதற்கெல்லாம் நான் பயந்ததில்லை. பயந்தது சோளக்கொல்லை லைனுக்கு.

மலையிலிருந்து பன்றி இறங்கி மக்காச்சோளத்தை அழித்துவிடும். அதனால் பொழுது சாய்ந்ததும் கொல்லைக்காரர் சுற்றிலும் மெல்லிய கம்பி இழுத்து, மோட்டார் கொட்டகையிலிருந்து கரண்டு கொடுப்பார். கூடாதுதான். ஆனாலும் கொடுப்பார். எங்கள் நாய் அதில்தான் செத்தது. முடி கருகிக் கிடந்தது.

அப்போது எனக்கு எட்டு வயது இருக்கும். தம்பி கைக்குழந்தை. அப்பா கரும்பு வெட்ட வெளியூர் போயிருந்தார். ஒரு சாயங்காலம் தம்பிக்கு ஜுரம் ஏறிக் கண் சொருகியது. மழைக்காற்றில் வீட்டில் கரண்டும் போய்விட்டது. கள்ளக்குறிச்சிக்குக் கடைசி பஸ் வரும் நேரம். அம்மா அவனைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டாள். சுற்றிப் போனால் நேரமாகும். கொல்லைக்குள் புகுந்தால் ரோடு கிட்டே.

"லைன் போட்டிருப்பாங்கம்மா" என்றேன்.

"கரண்டே பூட்ச்சி, லைன் எங்கேருந்து வரும்? வாடி."

வரப்பில் முன்னால் போனாள். தம்பி அழுவதை நிறுத்திவிட்டான். அப்போதுதான் எனக்குக் கேட்டது. கிணற்றில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. மோட்டார் சத்தம் கேட்டாலே குளிக்க ஓடுகிற பிள்ளைகள் நாங்கள். காது தப்பாது.

முந்தானையைப் பிடித்து இழுத்தேன்.

"வுடுடி. புள்ளைக்கு இழுத்துக்கினு கீது, இவ வேற. அப்பன மாதிரியே பயந்தாங்கொள்ளி."

முதுகில் ஒன்று வைத்தாள். நான் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன். முந்தானையை விடவில்லை.

"மோட்டார் ஓடுதும்மா."

அம்மா நின்றாள். வீட்டுக்கு வரும் லைன் வேறு, மோட்டாருக்கு வரும் லைன் வேறு. அது போனாலும் இது இருக்கும். அவசரத்தில் அவளுக்கு அது தோன்றவில்லை. அவள் முழங்காலுக்கு ஒரு சாண் முன்னால் கம்பி இருந்தது. அதில் மழைத்துளி வரிசையாகத் தொங்கியது.

அம்மா தம்பியை இறுக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தாள்.

திரும்பிச் சுற்றிக்கொண்டு ஓடினோம். பஸ் போய்விட்டது. ஒரு பால்வண்டிக்காரர் ஏற்றிக்கொண்டார். தம்பி பிழைத்தான்.

நாலைந்து நாள் கழித்து அம்மா அதே கொல்லைக்குக் கதிர் ஒடிக்கப் போனாள். நானும் போனேன். கொல்லைக்காரர் வரப்பில் நின்றிருந்தார்.

"புள்ளைக்கு இன்னாமே ஆச்சு?"

"ஜுரங்க. இப்போ தேவலங்க."

லைனைப் பற்றிச் சொல்வாள் என்று அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கோணியை இடுப்பில் கட்டிக்கொண்டு சோளத்துக்குள் இறங்கினாள்.

அம்மா அதை மறந்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். நாங்கள் குடியிருந்த வீடு யாருடைய நிலத்தில் நின்றது என்று அப்போது எனக்குத் தெரியாது.