அண்ணாச்சி மரியாதையாகப் பேசிய நாள்

எங்க போர்மேன் தாணுலிங்கம் அண்ணாச்சி ஏசாத நாளே கிடையாது. பூதப்பாண்டிக்காரர். சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால இருந்த அச்சாபீஸில மெஷினுக்கு மை துடைக்க வந்து, போர்மேன் வரைக்கும் ஏறின மனுஷன். நான் அங்க பைண்டிங்கில பாரம் மடிக்கிறவ. அச்சடிச்ச பெரிய தாளைப் புஸ்தகப் பக்கமா மடிச்சு அடுக்கணும். கொஞ்சம் கோணினா போதும், "ஏட்டி உலகம்மை, கண்ணைக் கழத்தி வீட்டுல வச்சுட்டு வந்தியா?"ன்னு மெஷின் சத்தத்துக்கு மேல கேக்கும். எழுத்துக் கோக்குற ராஜையனுக்கு, "லேய், நின்னுக்கிட்டே உறங்குதியா?"

எங்களுக்கு அது உறைக்கவே உறைக்காது. ஏசின வாயோட மறந்துருவார். ஒருத்தரையும் முதலாளிகிட்டப் போட்டுக் குடுத்தது கிடையாது. தப்பு யார் செஞ்சாலும், "நான் பாக்காம விட்டுட்டேன் சார்"னு தானே ஏத்துக்குவார். அவர் சொன்னா நாங்க சோறு தண்ணி இல்லாம நின்னு வேலை முடிச்சுக் குடுப்போம்.

அவருக்கு ஆகாத வேலை ஒண்ணே ஒண்ணுதான். ஆளை நிறுத்துறது. முதலாளி ஒருத்தனை வேண்டாம்னுட்டா அதை அண்ணாச்சிதான் சொல்லணும். அப்போ ஆளே மாறிருவார். அவனை அறைக்குள்ள கூப்பிட்டு, தன்னோட நாற்காலியில இருத்தி, எதிர்க்கடையில தானே சாயா வாங்கிட்டு வந்து, "குடிங்க"ம்பார். அவர் வாயில "நீங்க" வந்தாலே எங்களுக்கு விஷயம் தெரிஞ்சுரும். சாயா குடிச்சு முடிக்கதுக்குள்ள வேலை போயிருக்கும்.

ஐம்பத்தி மூணில முதலாளியோட மருமகன் கல்யாணராமன் பம்பாயில இருந்து வந்தார். கரமனை அக்ரகாரத்துக்காரர். தொழிலாளிகளை நடத்துறதுக்குன்னே பம்பாயில தனிப் படிப்பு உண்டாம், அதைப் படிச்சவர். வந்த சூட்டோட அண்ணாச்சியைக் கூப்பிட்டு, "இனிமே யாரையும் திட்டப்படாது. ஒவ்வொருத்தரா உள்ளே கூப்பிட்டு, உக்கார வெச்சு, மரியாதையாப் பேசி, என்ன குறைன்னு கேளுங்கோ"ன்னுட்டார். அண்ணாச்சி அதை எங்ககிட்ட மூச்சு விடலை. சொன்னதை அப்படியே செய்யக் கிளம்பிட்டார்.

மறுநாள் காலைல அறை வாசல்ல வந்து நின்னார். "உலகம்மை, கொஞ்சம் வாங்க."

வேலை போச்சுன்னே நினைச்சுட்டேன். அந்த வாரம் பூரா நான் லேட்டு. மகளுக்கு மஞ்சக்காமாலை. புருஷன் போய்ச் சேர்ந்தாச்சு. கீழாநெல்லியை அரைச்சுக் குடுத்து, பக்கத்து வீட்டு தாசம்மாளைப் பாத்துக்கிடச் சொல்லிட்டு ஓடி வரணும். காரணத்தை நான் யார்கிட்டயும் சொல்லலை. பிள்ளையோடயே இருந்துக்கோ, வேலைக்கு வேற ஆள் பாக்கோம்னுருவாங்களோன்னு பயம். அந்தக் கூலி நின்னா வைத்தியமும் இல்லை, அடுப்பும் எரியாது.

"இரிங்க"ன்னார். மேஜையில சாயா ஆவி பறக்குது.

"மாட்டேன்."

"ஐயோ, இரிங்க. குடிங்க. ஆறிரும்லா."

எனக்கு வந்துதே ஒரு கோவம்! "அந்தச் சாயாவை நீரே குடியும்! லேட்டா வந்தேன், வாஸ்தவம்தான். வாய் வலிக்க ஏசும், கேட்டுக்கிடுதேன். இப்படி மரியாதையாப் பேசி என் பிள்ளை வயித்துல அடிக்காதேயும்!"

அவர் பேந்தப் பேந்த முழிச்சார். வெளியில மெஷின் நின்னு போச்சு. ராஜையன் மை அப்பின கையோட வாசல்ல வந்து, "உலகம்மையை நிறுத்தினா நாங்களும் நாளைக்கு வரலை அண்ணாச்சி"ன்னான். அவன் பின்னால மொத்தப் பேரும் நிக்காங்க.

சத்தம் நின்னதும் கல்யாணராமன் ஓடி வந்தார். "எதுக்கு மெஷின் நிக்கறது? என்ன ஆச்சு?"

"நீங்க சொன்னதைத்தான் சார் செஞ்சேன். கூப்பிட்டேன், இரிங்கன்னேன், சாயா வாங்கி வச்சேன். குறையைக் கேக்கதுக்குள்ள இவ சண்டைக்கு வந்துட்டா."

"சார், அண்ணாச்சி யாருக்குச் சாயா வாங்கிக் குடுத்தாலும் அன்னைக்கு அவன் சீட்டுக் கிழிஞ்சுது. இங்க எல்லாருக்கும் தெரியுமே"ன்னான் ராஜையன்.

கல்யாணராமன் சிரிச்சுட்டார். அண்ணாச்சி சிரிக்கலை. முகம் அப்படியே தொங்கிப் போச்சு. "அப்படியாலே நினைச்சியோ? போறவன் மனசு நோகப்படாதேன்னுல்லா வாங்கிக் குடுத்தேன்"ன்னார். எங்க எல்லாரையும் பாத்தார். "இருக்கவங்களுக்கு ஒரு நாள்கூட நான் வாங்கிக் குடுக்கலியே."

எனக்கு அவரைப் பாக்கவே பாவமாப் போச்சு. அப்புறம் தொண்டையைச் செருமிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஏட்டி! எதுக்குட்டி தினமும் லேட்டு? வாயில என்ன கொழுக்கட்டையா? சொல்லித் தொலை!"

அப்பாடா! போன உசிரு திரும்பி வந்துது. மகளோட காமாலையைச் சொன்னேன்.

"இதை மொதல்லயே சொன்னா என்னட்டி, மூதி? அவ எந்திச்சு நடமாடுற வரைக்கும் வீட்டு வேலையை முடிச்சுட்டு மெதுவா வா. கூலியில பிடிக்க மாட்டோம்." சொன்னப்புறம்தான் கல்யாணராமன் நிக்கது நினைப்பு வந்து திரும்பிப் பாத்தார்.

"பிடிக்க வேண்டாம்"னார் அவர்.

நான் அங்கேயே தரையில உக்காந்து வாய்விட்டு அழுதேன். என் வேலையும் போகலை, என் பிள்ளை இனிமே காலைல நான் இல்லாமக் கிடக்கவும் வேண்டாம்.