உபதேசியார் சவரிமுத்துவும் சின்னையனின் மாடும்

உபதேசியார் சவரிமுத்துவுக்குப் பேயைக் கண்டாலும் பயமில்லை. மாட்டைக் கண்டால்தான் சந்தேகம். கடப்பாக்கத்துக்கு மேற்கே நாலு வயல் தாண்டி இருந்த கிறிஸ்தவத் தெருவில், ஓலைக்கூரைக் கோயிலுக்கு அவர்தான் எல்லாம். பங்குச் சாமியார் மாதம் ஒருமுறைதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் ஜெபம் சொல்வதும், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் நடத்துவதும், யார் வீட்டு வாசலில் வேப்பிலை தொங்குகிறது என்று பார்த்து வைப்பதும் சவரிமுத்துவின் வேலை. கடைசி வேலையை யாரும் அவருக்குக் கொடுக்கவில்லை, அவராக எடுத்துக்கொண்டார்.

மாட்டுச் சந்தேகம் ஒரு புத்தகத்தால் வந்த வினை. பழைய சாமியார் ஊர் மாறிப் போகும்போது விட்டுவிட்டுப் போனது. நெற்றியில் வெள்ளைச் சுட்டி உள்ள காளையை எகிப்துக்காரர்கள் கோயிலில் கட்டிக் கும்பிட்டார்கள், செத்தால் ராஜாவைப் போல அடக்கம் செய்தார்கள் என்று அதில் போட்டிருந்தது. அசீரியா தேசத்து அரண்மனை வாசலில் காளைக்கு இறக்கையும் மனுஷத் தலையும் வைத்திருந்தார்களாம். இஸ்ரவேலர் பொன்னில் கன்றுக்குட்டி வார்த்து அதைச் சுற்றி ஆடினார்கள். மோசே அதை அரைத்துத் தண்ணீரில் கரைத்து அவர்களையே குடிக்க வைத்தார். படித்து முடித்த சவரிமுத்து, பிசாசுக்கு ரொம்பப் பிடித்த வேஷம் மாடுதான் என்று முடிவு கட்டினார். ஈஸ்வரன் கோயில் நந்தி இருக்கும் தெருவில் நடப்பதையே விட்டுவிட்டார்.

ஆனால் சொந்த வீட்டிலேயே ஓட்டை இருந்தது. சுவிசேஷப் புத்தகத்தின் அட்டையில் லூக்காவின் அடையாளமாக இறக்கை வைத்த காளை ஒன்று நின்றது. அதற்குப் பழுப்புக் காகிதத்தில் உறை போட்டார். கிறிஸ்மஸ் குடிலில் குழந்தை இயேசுவுக்குப் பக்கத்தில் வைக்கும் மண் மாட்டைச் சுவர் பார்க்கத் திருப்பி வைத்தார். மாட்டுத் தரகர் நூர்முகமது ஒருநாள் டீக்கடையில் சும்மா இருக்காமல், "எங்க குர்ஆன்ல பசுன்னே ஒரு அத்தியாயம் கீது உபதேசியாரே. மஞ்சப் பசு ஒண்ண அறுக்கச் சொல்லி மூசா நபி சொல்லுவாரு. உங்க மோசேதான் அவரு" என்று சொல்லிவைத்தார். நம்முடைய மோசே அங்கே எப்போது போனார் என்று சவரிமுத்து ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. மாமல்லபுரத்துக்குப் போனவர், பாறையில் செதுக்கிய பசு தன் கன்றை நக்குவதை ரொம்ப நேரம் பார்த்துவிட்டார். திரும்பும் வழியெல்லாம் தன் மேலேயே சந்தேகம்.

இப்பேர்ப்பட்ட மனிதர் இருக்கும் தெருவில், ஐம்பத்தொன்றாம் வருஷம், சின்னையன் தன் மகள் பாப்பாவுக்குக் கல்யாணம் பேசினார். கூலி வேலைக்காரர். சொத்து என்று இருந்தது ஒற்றை உழவு மாடு. பக்கத்து வீட்டு மாட்டோடு ஜோடி சேர்ந்து ஏர் இழுக்கும். மாப்பிள்ளை கடப்பாக்கத்துப் பையன், மதராஸ் துறைமுகத்தில் வேலை. ஈஸ்டருக்கு முந்தின நோன்பான தபசு காலம் அந்த வருஷம் சீக்கிரமே வருவதாக இருந்தது. தபசு காலத்தில் கல்யாணம் கிடையாது. அதற்குள் முடியாவிட்டால் ஈஸ்டர் வரைக்கும் பொறுக்க மாட்டோம், வேறு இடம் பார்ப்போம் என்று மாப்பிள்ளை வீட்டார் கறாராகச் சொல்லியிருந்தார்கள். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிக்க வேண்டும்; தடை ஏதாவது தெரிந்தவர்கள் எழுந்து சொல்லலாம். இரண்டு ஓலை ஆகிவிட்டது. மூன்றாவதுதான் பாக்கி.

நடுவில் மாட்டுப் பொங்கல் வந்தது. அன்றைக்குக் கிறிஸ்தவத் தெருவில் கொம்புக்கு வர்ணம் பூசக் கூடாது என்பது சவரிமுத்துவின் சட்டம். விடிந்ததும் ஒவ்வொரு கொட்டகையாகப் போய்க் கொம்பைத் தடவிப் பார்த்தார். எல்லாம் சுத்தம். அதுவே அவருக்குச் சந்தேகமாக இருந்தது. பொழுது சாயும் நேரம் இன்னொரு சுற்று வந்தபோது, சின்னையன் வீட்டுக் கொட்டகையின் கீற்று இடுக்கு வழியே பார்த்தார். சின்னையன் மாட்டுக்கு முன்னால் முழந்தாளிட்டிருந்தார். இரண்டு கையும் கூப்பியிருந்தது. உதடு அசைந்தது. என்ன சொன்னார் என்று காதில் விழவில்லை.

பொன் கன்றுக்குட்டி நம் தெருவுக்கே வந்துவிட்டது என்று சவரிமுத்து நினைத்தார். உண்மையைச் சொன்னால் கொஞ்சம் சந்தோஷமும்தான்; இத்தனை வருஷச் சந்தேகத்துக்கு ஒரு பலன் வேண்டாமா? மறுநாள் டீக்கடை வாசுதேவனிடம், யாரிடமும் சொல்லக் கூடாது என்று சொல்லித்தான் சொன்னார். டீக்கடையில் ரகசியம் சொல்வதும் ஊரில் தண்டோரா போடுவதும் ஒன்று என்று அந்தப் புத்தகத்தில் எழுதியிருக்கவில்லை போலும்.

சனிக்கிழமை நேரில் விசாரிக்கச் சின்னையன் வீட்டுக்குப் போனார். கொட்டகை காலி. சின்னையன் மனைவி செங்கம்மாள் சாணி வாரிய கையோடு வந்து நின்றாள்.

"வாங்க உபதேசியாரே. அன்னிக்கி கீத்துக்குப் பின்னால நின்னது போதலியா? இப்போ உள்ளயே வந்து பாருங்க."

"மாடு எங்கம்மா?"

"காலைல நூர்முகமது பாய் ஓட்டிகினு போயிட்டாரு. கல்யாணச் செலவுக்கு எங்களாண்ட வேற இன்னா கீது?"

"அன்னிக்கி அவரு முட்டி போட்டாரே..."

"மன்னாப்பு கேட்டாரு. பன்னெண்டு வருசம் எனக்கு உழுதே, கடைசில உன்னக் கத்திக்கு அனுப்பறேன், மனசுல வச்சிக்காதன்னு கேட்டாரு. அத்த மாடு கும்புடறதுன்னு நீங்க சொன்னா, சொல்லிக்கோங்க."

சின்னையன் மூலையில் உட்கார்ந்திருந்தார். மடியில் மாட்டின் பழைய கயிறு. மாட்டை விற்றாலும் கயிற்றைக் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் வீட்டு லட்சுமி கூடவே போய்விடும் என்பது ஊர் வழக்கம். இதுவும் அஞ்ஞானம்தான் என்று சவரிமுத்துவுக்குத் தோன்றியது. சின்னையன் தலையைத் தூக்கவே இல்லை. முகம் இழவு வீட்டு முகமாக இருந்தது. மன்னிப்பு கேட்பது கடவுளிடம், அல்லது மனுஷனிடம். மாட்டிடம் கேட்டால் அது எதில் சேர்த்தி? ஞானோபதேசத்தில் அந்தக் கேள்வியும் இல்லை, பதிலும் இல்லை. சவரிமுத்து வீடு திரும்பினார். சந்தேகம் தீரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிரம்பியிருந்தது. சவரிமுத்து மூன்றாம் ஓலையை வாசித்து, தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று முடித்தார். ஆண்கள் பக்கத்தில் மாப்பிள்ளையின் தாய்மாமன் சூசை எழுந்தார்.

"உபதேசியாரே, பொண்ணோட நைனா மாட்டக் கும்பிட்டாருன்னு ஊரெல்லாம் பேச்சு. நீங்கதான் கண்ணால பாத்தீங்களாம். நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. மெய்யா?"

கோயிலே அவர் வாயைப் பார்த்தது. பெண்கள் பக்கத்தில் பாப்பா முக்காட்டை வாயில் கடித்துக்கொண்டு நின்றாள். ஆயுசில் சவரிமுத்து பொய் சொன்னதில்லை. மற்றவர்கள் சொல்வதைத்தான் பிடித்திருக்கிறார்.

"பார்த்தேன்" என்றார். "மாட்டுக்குக் குளம்புல புண்ணு. முட்டி போட்டு மருந்து வச்சிகினு இருந்தாரு. அவ்ளோதான்."

சூசை உட்கார்ந்தார். அடுத்த வாரமே கல்யாணம் நடந்தது.

மாசி மாதம் சாமியார் வந்தபோது சவரிமுத்து பாவங்களை அவரிடம் அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் முழந்தாளிட்டார். கோபம், பெருமை, டீக்கடையில் புறம் பேசியது எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னார். அந்தப் பொய்யை மட்டும் சொல்லவில்லை. செய்த பாவத்துக்கு வருந்தாமல் அதைச் சொன்னால் பாவசங்கீர்த்தனம் செல்லாது என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவர் அவர். வருத்தப்பட்டுப் பார்த்தார், வரவில்லை.