கரிப்பொட்டு வைத்த முட்டைகள்

நாகல் நகரில் எனக்கு ஒரு சின்னக் கடை. மிக்சி, கிரைண்டர், மின்விசிறி என்று எது பழுதானாலும் பார்ப்பேன். இனிமேல் தேறாது என்று சொல்லிவிட்டால் போதும், கொண்டுவந்தவர்கள் அதைத் திரும்பத் தூக்கிப் போக மாட்டார்கள். "அங்கயே கெடக்கட்டும்ணே" என்று கிளம்பிவிடுவார்கள். கிடக்கட்டும் என்றால் எங்கே கிடக்கும்? நானே கதவுக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வேலை பார்க்கிறவன். எல்லாவற்றையும் வண்டியில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவருவேன், பழைய இரும்புக்காரன் வந்தால் போட்டுவிடலாம் என்று. ஆனால் அவனுக்கு என்றைக்கும் ஒன்றும் மிஞ்சியதில்லை.

என் வீட்டுக்காரி வாசலிலேயே மறித்துவிடுவாள். "ஏங்க, அந்த ஃபேன் கூண்டத் தூக்கிப் போட்றாதீக. குஞ்சுக்கு ஆகும்."

ஊர் முடிந்து மல்லிகைத் தோட்டங்கள் தொடங்கும் இடத்தில் எங்கள் வீடு. பின்னால் கொஞ்சம் இடம். அங்கே அவள் கோழி வளர்த்தாள். அதற்கென்று கடையில் போய் ஒரு சாமான் வாங்கியவள் இல்லை. மேசை விசிறியின் கம்பிக் கூண்டு, குஞ்சுகளைக் காக்காய் தூக்காமல் கவிழ்த்து வைக்க. மிக்சி மூடியில் தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக நிறுத்தினால் அது குடிதண்ணீர்த் தொட்டி. வீடு கட்டியபோது மிஞ்சிய பிளாஸ்டிக் குழாயை நெடுக அறுத்து இரண்டாக்கி அதில் தீனி. பெரிய கோழிகள் அடைவதற்கு, துருப்பிடித்த ஏர்கூலர் பெட்டி ஒன்று. நான்கு செங்கல் மேல் அதைத் தூக்கிவைத்து, குறுக்கே விளக்குமாற்றுக் கம்பைச் செருகிக் கொடுத்தது நான்தான். "கோழிக்கு ஏர்கூலர் போட்டுக் குடுத்த ஒரே ஆம்பள நீகதான்" என்று அவள் போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

எனக்குக் கோழிகளைப் பிடிக்காது. அவற்றுக்கும் என்னைப் பிடிக்காது. அவள் பின்வாசலில் நின்று "பா... பா... பா..." என்றால் எங்கிருந்தாலும் இறக்கையைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும். நான் சும்மா தொண்டையைச் செருமினாலே சுவர் மேல் ஏறிவிடும். என் குரல் அப்படி. கடைக்கு வருகிறவர்களே, "ஏண்ணே கோவிச்சுக்கிறீக?" என்று கேட்பார்கள். கோபம் ஒன்றும் இருக்காது. வாயைத் திறந்தால் அப்படித்தான் வரும், என்ன செய்ய?

கடைசியாக அவள் அடை வைத்தது புள்ளிக்கோழியை. கிரைண்டரின் எவர்சில்வர் பாத்திரத்தில் உமியைக் கொட்டி, பழைய துணி விரித்து, அடுப்படி மூலையில் வைத்தாள். பதினோரு முட்டை. ஒற்றைப்படையில்தான் வைக்க வேண்டுமாம். இடி இடித்தால் முட்டை கலங்காமல் இருக்க ஓரத்தில் ஓர் ஆணியும் அடுப்புக்கரித் துண்டும். வேறு கோழி வந்து அதிலேயே முட்டையிட்டுவிட்டால் அடையாளம் தெரிய வேண்டுமே என்று ஒவ்வொன்றிலும் கரியால் ஒரு பொட்டு வைத்தாள். பிள்ளைக்குத் திருஷ்டிப் பொட்டு வைப்பவள் மாதிரி அவ்வளவு பதனமாக வைத்தாள். "குஞ்சு எறங்குறப்ப இன்னும் ரெண்டு ஃபேன் கூண்டு வேணும். கடைல பாத்து வைங்க" என்றாள்.

அந்த வாரமே அவளுக்குக் காய்ச்சல். சாதாரணக் காய்ச்சல் என்றுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவள் திரும்பி வரவில்லை.

பால் தெளித்த அன்று என் அக்கா வீடு முழுக்கக் கழுவிவிட்டாள். சாவு வீட்டைக் கழுவாமல் விட முடியாது, அது சரிதான். ஆனால் அடுப்படியைக் கழுவ வேண்டும் என்று கோழியோடு அந்தப் பாத்திரத்தை அப்படியே தூக்கித் துவைகல் பக்கத்தில் வைத்துவிட்டாள். வெளியே அவ்வளவு சனம், அவ்வளவு சத்தம். புள்ளிக்கோழி மிரண்டு இறங்கியது, திரும்ப ஏறவில்லை. வந்த சனம் கிளம்பியபின் சாயங்காலம் முகம் கழுவப் போனபோதுதான் பார்த்தேன். முட்டைகள் தனியாகக் கிடந்தன. தொட்டுப் பார்த்தேன். வெயில் பட்ட பக்கம் மட்டும் லேசான சூடு இருந்தது.

கோழியைப் பிடித்து உட்கார வைத்தேன், இறங்கியது. மறுபடி வைத்தேன், கொத்திவிட்டு ஓடியது. அடை கலைந்துவிட்டது. அக்கா பார்த்துவிட்டு, "விடுப்பா. செத்த வீட்டு முட்ட பொரிக்காது. கூமுட்டயாத்தான் போகும், எடுத்துக் குழில போடு" என்றாள்.

"போடு, போடு! எல்லாத்தையும் போட்டுட்டு என்னையும் சேத்துப் போடு!" என்று கத்திவிட்டேன். அக்கா உள்ளே போனாள். பாவம் அவள். அவள் சொன்னது ஊரே சொல்வதுதான். ஆனால் அந்த முட்டைகள் என் மனைவி தொடங்கிப் பாதியில் விட்டுப்போன வேலை. மற்றதெல்லாம் முடிந்துபோனது. இது ஒன்றுதான் முடியாமல் இருந்தது. இதையும் குழியில் போட எனக்கு மனசு வரவில்லை.

மீன் கடையிலிருந்து ஒரு தெர்மாகோல் பெட்டி வாங்கிவந்து கழுவினேன். ஸ்க்ரூடிரைவரைச் சுட்டு ஓட்டை போட்டு, ஹோல்டர் மாட்டி, குண்டு பல்பு ஒன்றைப் பொருத்தினேன். ஈரப்பதத்துக்குக் கொட்டாங்கச்சியில் தண்ணீர். சூடு பார்க்க, அவளுக்குக் காய்ச்சல் பார்த்த, சூடு ஏறியதும் கீச்சென்று கத்தும் அதே தெர்மாமீட்டர். முட்டைக்கு நூறு டிகிரி இருக்க வேண்டும் என்று செல்போனில் பார்த்தேன். மனுஷனுக்கு லேசான காய்ச்சல் அடிக்கிற சூடுதான். அதற்கு மேல் போனால் ஓட்டையைப் பெரிதாக்குவேன், குறைந்தால் துணியை அடைப்பேன். பல்பு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது சில முட்டைகள் கலங்கியிருந்தன. சிலவற்றில் சிவப்பு நரம்பு ஓடியது. ஒன்றில் ஏதோ அசைந்தது. அடுப்படித் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

அக்கா ஊருக்குப் போனாள். ஒட்டன்சத்திரத்தில் கட்டிக்கொடுத்த மகளும் மாமியார் வீட்டில் வேலை கிடக்கிறது என்று கிளம்பினாள். போகும்போது, "வீட்டப் பூட்டிட்டு எங்கூட வாங்கப்பா" என்றாள். "முட்ட இருக்கே" என்றேன். அவள் பல்புப் பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டுத் தன் பையைத் தூக்கிக்கொண்டாள்.

முட்டைகளைக் கோழி தானாகப் புரட்டிக்கொள்ளும். பெட்டியில் நான்தான் புரட்ட வேண்டும். காலையில் பொட்டு மேலே, மதியம் பக்கவாட்டில், சாயங்காலம் பொட்டு கீழே. அவள் வைத்த அடையாளம் அதற்கு வசதியாகப் போயிற்று. மதியச் சோற்றுக்குக் கடையை அடைத்துவிட்டு வண்டியில் ஓடிவருவேன். வந்தால் வீட்டில் பேச ஆள் கிடையாது. முன்பெல்லாம் கடையில் நடந்ததைச் சோற்றுத் தட்டு முன்னால் திட்டித் தீர்ப்பேன், அவள் "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டே தொட்டுக்கொள்ள வெஞ்சனத்தை வைப்பாள். இப்போது திட்டுவதற்கு அந்தப் பெட்டிதான் இருந்தது. மூடியைத் திறந்து முட்டைகளைப் புரட்டிக்கொண்டே, "ஏலே, ஒருத்தன் வந்தான் பாரு, மிக்சிக்குள்ள கரண்டியப் போட்டு ஓட்டிட்டு, ஏண்ணே சத்தம் வருதுங்கிறான்" என்று ஆரம்பிப்பேன். சாம்பாரில் உப்பு கூடிப்போனதையும் அதனிடம்தான் சொன்னேன். படுக்கையில் அவள் பக்கம் இன்னும் தலையணை கிடக்கிறது, எடுத்து வைக்கவா வேண்டாமா என்று கேட்டதும் அதனிடம்தான்.

பராமரிப்பு வேலை என்று பகல் முழுக்கக் கரண்ட்டை நிறுத்தினார்கள் ஒருநாள். நான் கடையைத் திறக்கவில்லை. பாட்டில்களில் வெந்நீர் ஊற்றி முட்டைகளைச் சுற்றி அடுக்கி, பெட்டியைப் போர்வையால் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பின்வாசலில் உட்கார்ந்தேன். பூப்பறித்துவிட்டு வந்த பக்கத்துத் தோட்டக்காரம்மா வேலிக்கு அந்தப்புறம் நின்று பார்த்தாள். "என்னண்ணே, நீகளே அடைக்கு உக்காந்துட்டீகளா?"

"ஆமா, கோழிக்கு லீவு" என்றேன். அவள் சிரித்தாள், சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். என் மனைவிக்கு அவள் நல்ல சிநேகிதி. அன்று வெந்நீர் ஆற ஆறத் தன் அடுப்பில் காய்ச்சி வேலி வழியாகக் கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

கடைசி மூன்று நாள் புரட்டக் கூடாது, மூடியையும் திறக்கக் கூடாது. கைக்கு வேலை இல்லாமல் போனது. வாய் மட்டும் ஓயவில்லை. ஓட்டை வழியாகப் பேசினேன்.

ஒரு காலையில் பெட்டிக்குள்ளிருந்து கீச்சென்று சத்தம். தெர்மாமீட்டர்தான் கத்துகிறது என்று நினைத்தேன். ஆனால் மூடியைத் திறக்காத இந்த நாட்களில் அது அலமாரியில்தான் இருந்தது. ஓட்டையில் கண்ணை வைத்துப் பார்த்தால், ஒரு முட்டையில் பொட்டுக்குப் பக்கத்தில் விரிசல். மதியத்துக்குள் அந்தப் பொட்டே இரண்டாகப் பிளந்து, நனைந்துபோன ஒரு குஞ்சு வெளியே விழுந்தது. முட்டை ஓட்டை நொறுக்கித் தீனியில் கலக்கத்தான் அவள் எடுத்து வைப்பாள். நான் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அது அங்கேயே தூளாகிப்போனது.

மற்றவை பொரிக்கவில்லை. இன்னும் சில நாள் பல்பை அணைக்காமல் வைத்திருந்தேன். பிறகு நாற்றம் வந்தது. மல்லிகைச் செடியோரம் குழி தோண்டிப் புதைத்தேன்.

மிஞ்சியது ஒற்றைக் குஞ்சு. ஒற்றைக் குஞ்சு தேறுவது கஷ்டம். ஒட்டிக்கொள்ள உடம்பு இல்லாமல் கத்திக் கத்தியே ஓய்ந்துவிடும். புள்ளிக்கோழியிடம் விட்டேன், தலையிலேயே ஒரு கொத்து. தாய் இறக்கைக்குப் பதிலாகத் துணியைக் கீற்றுக் கீற்றாகக் கிழித்துத் தொங்கவிட்டால் அதற்குள் புகுந்துகொள்ளும் என்று அவள் ஒருமுறை செய்திருக்கிறாள். அவளுடைய பழைய சுங்குடிச் சேலை ஒன்றை எடுத்தேன், மெத்தென்று இருந்தது. கத்தரிக்கோலை வைத்துவிட்டு என் கைலியைக் கிழித்தேன். விசிறிக் கூண்டுக்குள் பல்பைத் தொங்கவிட்டுப் பக்கத்தில் அந்தக் கீற்றுகளைக் கட்டினேன். குஞ்சு உள்ளே போகவே இல்லை. நொய்யும் தின்னவில்லை. கம்பியோரம் நின்று கத்திக்கொண்டே இருந்தது. மறுநாள் கத்தக்கூடத் தெம்பில்லாமல் கண்ணை மூடி மூடித் திறந்தது. அவ்வளவுதான், இதுவும் போகப்போகிறது என்று நினைத்தேன்.

மதியம் சோற்றைப் போட்டுக்கொண்டு கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மறுபடி அந்தச் சத்தம், மெலிசாக. எனக்குப் பொறுக்கவில்லை. "ஏலே, செத்த நேரம் சும்மா கெடக்க மாட்டியா? என்னதான் வேணும் ஒனக்கு? அம்புட்டுப் பேரும் போயிட்டாக, நீயும் போகணுமா? போ!" என்று கத்தினேன்.

குஞ்சு சத்தத்தை நிறுத்தியது. தலையைச் சாய்த்து என் பக்கம் திரும்பியது. நான் வாயை மூடினேன், அது மறுபடி கத்தத் தொடங்கியது. பேசினேன், நிறுத்தியது.

கூண்டைத் தூக்கிவிட்டு எழுந்து சுவரோரம் போய் நின்றேன். முதலில் அவள் கூப்பிடுகிற மாதிரி "பா... பா... பா..." என்றேன். பெரிய கோழிகள் ஏர்கூலர் பெட்டிப் பக்கமிருந்து திரும்பிப் பார்த்தன. குஞ்சு நின்ற இடத்திலேயே நின்றது. அதற்கு அந்தக் கூப்பாடு தெரியாது. அதற்குக் காது முளைத்தபோது அவள் இல்லை.

"மூதேவி, இங்க வாலே" என்றேன்.

வந்தது. தடுக்கி விழுந்து, எழுந்து, சிறகே முளைக்காத இறக்கையைத் தூக்கிக்கொண்டு நேராக என் காலுக்கு ஓடிவந்து, பாதத்தின் மேல் ஏறி உட்கார்ந்தது. அசைந்தால் விழுந்துவிடுமே என்று நான் அசையவில்லை. தட்டில் சோறு காய்ந்துகொண்டிருந்தது. கடையைத் திறக்கிற நேரமும் தாண்டிவிட்டது. கண்ணைத் துடைக்கக்கூடக் கையை எடுக்காமல், அதைத் திட்டிக்கொண்டே நின்றேன்.