இருபதாம் மைலுக்கு அப்பால்

கல்லூரியில் வரலாறு சொல்லித் தருகிறேன். அந்த மழைக்காலத்தில், பழைய ரோமானிய ஊரொன்றில் கிடைத்த கல்வெட்டை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். ஏழைகளும் அடிமைகளும் சேர்ந்து நடத்திய ஈமச் சங்கத்தின் விதிகள் அவை. கடலுக்கு நடுவே இருக்கும் எங்கள் தீவில், ஹேடோ பகுதியில், எங்களுக்கும் அப்படியொரு சங்கம் உண்டு. சாவு விழுந்தால் பந்தல் முதல் வண்டி வரை அதுவே பார்த்துக்கொள்ளும். நான் செயலாளர்.

சென்னை ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. இதய ஆபரேஷனுக்குப் போயிருந்த எங்கள் உறுப்பினர் இறந்துவிட்டார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றவர். மனைவி, பிள்ளைகள் கிடையாது. என் நம்பரைத்தான் கொடுத்திருந்தார்.

"சீக்கிரம் யாராவது வாங்க சார். இல்லேன்னா கேக்க ஆளில்லாத உடல்னு போலீஸுக்கு எழுதிடுவாங்க," என்றார் நர்ஸ்.

மாலையே சங்கம் கூடியது. அபர்டீன் பஜாரில் கடை வைத்திருக்கும் தலைவர் பிடிகொடுக்கவில்லை.

"மெயின்லேண்ட்ல செத்தா போகணும்னு நம்ம ரூல்ல இல்ல சார். இன்னைக்கு இவருக்குப் போனா நாளைக்கு எல்லாருக்கும் போகணும்."

கல்வெட்டில் இருந்ததைச் சொன்னேன். உறுப்பினர் ஊரிலிருந்து இருபது மைலுக்கு அப்பால் இறந்து, சேதி வந்துவிட்டால், சங்கத்தார் மூன்று பேர் போய் அடக்கம் செய்ய வேண்டும்; திரும்பி வந்து நடந்ததை ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

"அரே பாய், ரோமாபுரி ரூல் ஹேடோல செல்லுமா?" என்றார் தலைவர்.

யாரோ சிரித்தார்கள். ஆஸ்பத்திரி எண்ணிலிருந்து மறுபடி போன் அடித்தது. எடுக்கத் தைரியம் வரவில்லை.

அப்போது டாலிகஞ்சில் தையல் கடை வைத்திருக்கும் பெண் எழுந்தார்.

"என்னையும் ஆபரேஷனுக்கு மெயின்லேண்ட் போகச் சொல்லிட்டாங்கண்ணே. அங்க எனக்கு ஏதாச்சும் ஆனா யாரும் வரமாட்டீங்கன்னா இப்பவே சொல்லிடுங்க. நான் போகல."

தலைவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி," என்றார் கடைசியில். "யார் யார் போறீங்க?"

தையல் கடைப் பெண், நான், இறந்தவரோடு கிரேனில் ஷிப்ட் மாற்றிய நண்பர் என மூவரும் கிளம்பினோம். மேகமூட்டத்தால் விமானம் தாமதமாகி, நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பிணவறை வாசலில் போலீஸ்காரர் நின்றிருந்தார்.

"என்ன உறவு?"

"ஒரே சங்கம்," என்றேன்.

"சங்கத்துக்கெல்லாம் பாடி குடுக்க முடியாதுங்க."

நண்பர் அழ ஆரம்பித்தார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. தலைவருக்குப் போன் போட்டு, போலீஸ்காரரிடம் கொடுத்தேன். மறுமுனையில் அவர் கத்தியது எனக்கே கேட்டது.

"அவருக்கு எங்கள விட்டா யாரும் இல்ல சார்! லெட்டர் வேணுமா, சீல் வேணுமா, இங்க போலீஸ்ல சொல்லணுமா? எல்லாம் பண்றேன். எங்க ஆளுங்க கையில குடுங்க!"

கடிதமும் வந்தது, எங்கள் ஊர் போலீஸும் போனில் பேசினார்கள். பொழுது சாயுமுன் உடலைக் கொடுத்தார்கள். நண்பரே கொள்ளி வைத்தார்.

அஸ்தியோடு திரும்பியபோது விமான நிலைய வாசலில் தலைவர் நனைந்துகொண்டு நின்றிருந்தார். கலசத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். ஹேடோ வரும்வரை மடியிலிருந்து அதை இறக்கவில்லை.