கழுவிப் பொட்டு வைத்த சர்வர்

"சார், சர்வர் ஒன்ல தண்ணி சொட்டுது."

முப்பது வருட கம்ப்யூட்டர் சர்வீஸில் இப்படி ஒரு கம்ப்ளெயின்ட் எனக்கு ஒரே ஒருமுறைதான் வந்தது. மரக்காணத்தில், ஓர் உப்புக் கம்பெனியிலிருந்து.

அங்கே இரண்டு சர்வர்களைச் சேர்த்து கிளஸ்டர் போட்டிருந்தேன். ஒன்று படுத்தால் மற்றது எழுந்து வேலையைத் தொடரும். டேட்டா இரண்டுக்கும் பொதுவான டிஸ்க் பெட்டியில் இருக்கும். அது ஆமை வேகம். அதனால் முதல் சர்வருக்குள் எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பான் செருகி, டேட்டா டிஸ்குக்குப் போகும் வழியில் தங்கிப் போக கேஷ் என்ற இடைத்தங்கல் அமைத்தேன்.

கேஷில் இரண்டு வழி. ரைட்-த்ரூ, பொது டிஸ்கில் எழுதி முடித்த பிறகே 'சேவ் ஆச்சு' என்று சொல்லும். ரைட்-பேக், எஸ்எஸ்டியில் போட்டதுமே சொல்லிவிட்டு, வேலை ஓய்ந்த பிறகு டிஸ்குக்கு நிதானமாக அனுப்பும். சர்வர் நடுவில் செத்தால் அனுப்பாததும் அதோடு போச்சு.

மேனேஜர் தணிகாசலம் பொறுமை இல்லாதவர். "ஏம்பா, ஓனர் வர்றாரு. பட்டனை அமுக்குனா பட்டுனு வரணும். எது ஃபாஸ்ட்டோ அதப் போடு."

"ரிஸ்க்குங்க சார்."

"ஏதாச்சும் ஆனா நான் பாத்துக்கறேன்யா."

புத்தி இருந்தும் ரைட்-பேக் போட்டேன். ஓனர் வந்தார், பட்டனை அமுக்கினார், டீ குடித்தார், போய்விட்டார்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள். வரப்போகும் மழை மாதங்களில் உப்பளத்தில் வேலை கிடையாது. அதற்கான அரசு நிவாரணப் பட்டியல் அன்று மாலை ஐந்துக்குள் போக வேண்டும். பெயர் விட்டுப்போனால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. காலையில் எண்பத்தாறு பேர் கார்டோடு வரிசையில் நின்று பெயர் ஏற்றினார்கள். ஒவ்வொரு பெயருக்கும் 'சேவ் ஆச்சு' என்றது திரை.

மதியம் பூஜைக்காக லாரி, பம்ப், தராசு எல்லாம் கழுவினார்கள். "சர்வரும் ஆயுதம்தானடா, கழுவுங்க" என்றாராம் மேனேஜர். ஓடிக்கொண்டிருந்த முதல் சர்வரின் தலையில் ஒரு குடம் தண்ணீர். மேலே மூன்று பட்டை விபூதி, நடுவில் குங்குமம்.

நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது எஸ்எஸ்டி கருகியிருந்தது. இரண்டாவது சர்வர் கடமை தவறாமல் எழுந்திருந்தது. பட்டியலில் ஒரு பெயர்கூட இல்லை.

"அதான் ரெண்டு சர்வர் வாங்கினோமே, எப்படிய்யா போவும்?" என்று மேனேஜர் கத்தினார். டிஸ்குக்குப் போகும் முன்பே எஸ்எஸ்டியோடு கருகியதை நான் சொல்லியும் அவருக்குப் புரியவில்லை.

பெயர் போய்ச் சேர்ந்ததா என்று கேட்க வந்திருந்த உப்பளத் தொழிலாளி அஞ்சலைதான் பதில் சொன்னார். "வரப்புல வாரிவெச்ச உப்பக் குடோனுக்குப் போயிடுச்சுன்னு சொல்லிட்டீங்க. மழ வந்து கரைச்சுட்டுது. அதானே சார்?"

வரப்பில் ஒரு கூடை உப்பை விட்டுவைத்தாலும் ஆளை உண்டு இல்லை என்று ஆக்குகிறவர் தணிகாசலம். சர்வரிலிருந்த குங்குமத்தைத் துடைக்க ஆரம்பித்தார்.

அஞ்சலை போனைப் போட்டு எல்லோரையும் பாத்தியிலிருந்து திரும்ப வரவழைத்தார். நான் கேஷே இல்லாமல், நேராக டிஸ்கில், ஒவ்வொரு பெயராக ஏற்றினேன். பார்த்துக்கொள்வதாகச் சொன்ன மேனேஜர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கடைசிப் பெயர், அஞ்சலையுடையது.

"என்னய்யா இவ்ளோ நேரமா சுத்துது?" என்றார் மேனேஜர், திரையைப் பார்த்து.

இன்றும் கிளஸ்டரில் எவன் வேகம் கேட்டாலும், அதற்கு அஞ்சலை சொன்ன பதிலைத்தான் சொல்கிறேன்.

"சுத்தட்டும் சார். எம் பேரு போய்ச் சேந்தப்புறம் 'சேவ் ஆச்சு'ன்னு சொல்லட்டும்."