அழுக்குப் பார்த்து வாங்கிய புத்தகம்

கிரீஸும் மண்ணெண்ணெயும் பழைய காகிதமும் ஒன்றாக ஊறினால் ஒரு வாசம் வரும். நல்ல வாசம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் ஏதாவது மெக்கானிக் கடையைக் கடக்கும்போது அது மூக்கில் ஏறினால் போதும், பதின்மூன்று வயதில் தாராவி நைன்ட்டி ஃபீட் ரோட்டின் ஓரத்தில், மடியில் அட்டை கிழிந்த ஓர் ஆங்கிலப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, அக்கம்பக்கமெல்லாம் வேடிக்கை பார்க்க உரக்கப் படித்துத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்த ஞாயிற்றுக்கிழமைக்கு நான் போய்விடுவேன்.

அப்பாவுக்குச் சொந்தமாக ஒரு கறுப்பு மஞ்சள் டாக்சி இருந்தது. வருஷத்துக்கு ஒருமுறை அதை “பாசிங்”குக்குக் கொண்டுபோக வேண்டும். அதிகாரி ஓட்டிப் பார்த்து, பிரேக்கையும் விளக்கையும் சோதித்து, சரி என்று எழுதிக் கொடுத்தால்தான் வண்டி ரோட்டில் இறங்கலாம்; எங்கள் வீட்டில் அடுப்பு எரிவதும் நான் பள்ளிக்கூடம் போவதும் அந்தக் காகிதத்தை நம்பித்தான். அந்த வருஷம் பாசிங்குக்குப் பத்து நாள் இருக்கும்போது, பிரேக்கை மிதித்தால் வண்டி நேராக நிற்காமல் வலப்பக்கமாக இழுக்கத் தொடங்கியது. எங்கள் மெக்கானிக்கோ தங்கை கல்யாணத்துக்கு “காவ்” போயிருந்தார். பம்பாயில் காவ் என்றால் அவரவர் சொந்த ஊர். அங்கே போனவர்கள் சொன்ன தேதியில் திரும்பியதாகச் சரித்திரம் இல்லை. வேறு கை பட்டால் வண்டி கெட்டுவிடும் என்பது அப்பாவின் கொள்கை. அந்த வேறு கைகளில் தன் கையையும் அவர் சேர்த்துக்கொண்டிருந்தார். ஓட்டுவதோடு சரி, இருபது வருஷத்தில் அவர் ஒரு நட்டைத் திருப்பிப் பார்த்ததில்லை.

அம்மா வீட்டில் ரவிக்கை தைப்பாள். அவளுடைய தையல் மெஷினோடு தமிழில் ஒரு சின்னப் புத்தகம் வந்திருந்தது. அதை வைத்துக்கொண்டு மெஷினைக் கழற்றித் துடைத்து எண்ணெய் போட்டு மாட்டுவதை அவள் தானே செய்வாள். அப்பா இரண்டு நாள் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் சொன்னாள்: “தையல் மெசினுக்கே ஒரு புக்கு குடுத்திருக்கான். இம்புட்டுப் பெரிய காருக்குக் குடுக்காமலா இருப்பான்?”

புத்தகத்தைப் படித்து ஓட, டாக்சி என்ன பரீட்சையா எழுதப்போகிறது என்று அப்பா கேலி செய்தார்.

“பாசிங்னா பின்ன என்னவாம்?” என்றாள் அம்மா.

பள்ளிக்கூடத்தில் நான் ஆங்கிலம் படிக்கிறவள் என்பதால் அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு மாட்டுங்காவுக்கு நடந்தாள். அங்கே கிங் சர்க்கிள் நடைபாதையில் அப்போது பழைய புத்தகங்கள் ஆளுயரத்துக்கு அடுக்கியிருக்கும். அம்மா தன் திருநெல்வேலி இந்தியில் விஷயத்தைச் சொன்னதும் கடைக்காரர் முதலில் எடுத்துப்போட்டது, தலையணை மாதிரி கனத்த, வழவழப்பான வெளிநாட்டுப் புத்தகம். படத்தில் ஸ்டியரிங் இடப்பக்கம் இருந்ததைக் கண்டு, டிரைவர் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறான் என்று அம்மா அதைக் கீழே வைத்துவிட்டாள். இரண்டாவது எங்கள் வண்டிக்கே உரியது, கசங்காமல் புதிதாக இருந்தது. எனக்கு அதுதான் பிடித்தது.

“கழத்துதது மட்டும் போட்டிருக்கா, மாட்டுததும் போட்டிருக்கா? பாருட்டி.”

பார்த்தேன். பிரேக்கைக் கழற்றுவதற்குப் பன்னிரண்டு படிகள், படங்களோடு. மாட்டுவதற்கு ஒரே ஒரு வரி: கழற்றியதை அப்படியே தலைகீழ் வரிசையில் செய்யவும். இதைச் சொல்ல ஒருவன் புத்தகம் போட வேண்டுமா என்று அம்மாவுக்குக் கோபமே வந்துவிட்டது. கழற்ற யாராலும் முடியும், மாட்டத்தானே புத்தகம் என்று அந்தக் கடைக்காரரிடம், ஏதோ அவரே எழுதியதுபோல, நியாயம் கேட்டாள்.

மூன்றாவதாக அடியிலிருந்து வந்ததுதான் அட்டை கிழிந்த அந்தப் புத்தகம். அதுவும் எங்கள் வண்டிக்குரியதுதான், வேறு யாரோ போட்டது. அம்மா அதை விரிக்கவில்லை. மூடியபடியே பக்கவாட்டில் திருப்பி, துணியின் ஓரத்தைப் பார்ப்பதுபோல் காகித விளிம்பைப் பார்த்தாள். நடுவே ஓரிடத்தில் மட்டும் கறுப்பாகக் கிரீஸ் விரல் பதிந்திருந்தது. அங்கே திறந்தால் பிரேக் பாடம். தையல் மெஷின் புத்தகத்திலும் நூல் அறுந்தால் என்ன செய்வது என்ற பக்கம்தான் எண்ணெய் பட்டுக் கறுத்திருக்கும். அந்த அழுக்கு எதுவரை போகிறது என்று விரலால் புரட்டிக்கொண்டே போனாள். கழற்றுகிற பக்கங்களைத் தாண்டி, மாட்டுகிற பக்கங்களின் கடைசிவரை இருந்தது. “இதை வச்சி ஒருத்தன் வேலை பாத்திருக்காம்ட்டி. பாதியில விட்டுட்டுப் போவல” என்றாள். அழுக்குப் பிடித்த ஒன்றைத் தேடி வாங்குகிற அம்மாவை நினைத்து அன்று எனக்கு வெட்கமாக இருந்தது. இன்றைக்கு நினைத்தால் பெருமையாக இருக்கிறது.

ஞாயிறு காலை வண்டியை ஜாக்கி வைத்துத் தூக்கினார்கள். அம்மா கிழிந்த போர்வை ஒன்றை ரோட்டோரம் விரித்து, துணியில் குறி போடுகிற சாக்பீஸால் கட்டம் கட்டி எண் எழுதினாள். கழற்றுகிற ஒவ்வொன்றும் அதனதன் கட்டத்தில் உட்கார வேண்டும். நான் படித்தேன்: வண்டி எந்தப் பக்கம் இழுக்கிறதோ, கோளாறு அதற்கு மறுபக்கம். அப்பா நம்பவில்லை. வலப்பக்கம் இழுக்கிற வண்டிக்கு இடப்பக்கத்தில் என்ன வேலை என்று வலச் சக்கரத்தைத்தான் திறந்தார். அதற்குள் எல்லாம் சுத்தமாக இருந்தது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இடப்பக்கம் வந்தார்.

வலப்பக்கத்தில் சுலபமாகச் சுழன்ற நடு நட்டு இங்கே அசைய மறுத்தது. ஸ்பேனருக்கு எங்கள் தெருவில் “பானா” என்று பெயர். அப்பா பானாவில் தொங்கினார், அதன் மேல் ஏறி நிற்கவும் செய்தார். பிறகு எங்கிருந்தோ ஓர் இரும்புக் குழாயைக் கொண்டுவந்து பானாவின் கைப்பிடியில் செருகினார். வேடிக்கை பார்த்தவர்களில் இரண்டு பேர் கைகொடுக்க வந்தார்கள். மரை அறுந்துபோனால் சக்கரத்தின் அச்சையே மாற்ற வேண்டும், புதன்கிழமை பாசிங்கை மறந்துவிட வேண்டியதுதான் என்று அவர்களே பேசிக்கொண்டார்கள். அடுத்த வரியை நான் எப்படிப் படிப்பது? அந்த இடத்தில் எண்ணெய்க் கறை அச்செழுத்தை விழுங்கியிருந்தது.

அம்மா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். “ஓரத்துல பென்சில்ல என்னமோ எழுதிருக்கே, அதை ஏன் படிக்கல?”

அதை நான் முன்பே பார்த்திருந்தேன். பாடப் புத்தகத்தில் யாராவது கிறுக்கியிருந்தால் படிக்கக் கூடாது என்பது பள்ளிக்கூடத்தில் எங்களுக்குச் சொல்லியிருந்த ஒழுக்கம், அச்சில் இருப்பதுதான் பாடம். அதனால் விட்டிருந்தேன். இப்போது எழுத்துக் கூட்டினேன். மராத்தி எழுத்தில் ஒரே ஒரு சொல்: “உல்டா”, அதாவது தலைகீழ்.

“நிறுத்துங்க” என்றாள் அம்மா. “உல்டாவாம். அந்தப் பக்கமாத் திருப்புங்க.”

அப்பா என்னைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார். குழாயை உருவி எறிந்துவிட்டு, அரை மனசாகப் பானாவை மறுபக்கம் அழுத்தினார். நட்டு ஒரு முனகலோடு சுழன்றது. இடப்பக்க நட்டுக்கு மட்டும் மரையைத் தலைகீழாக வெட்டியிருந்தார்கள். உள்ளே பேரிங்கிலிருந்து கசிந்த கிரீஸ் பிரேக் கட்டையெல்லாம் அப்பிக் கிடந்தது. துடைத்து, புதுக் கட்டை வைத்து, போர்வையில் இருந்த கடைசி எண்ணிலிருந்து முதல் எண்வரை ஒவ்வொன்றாக எடுத்து மாட்டி முடித்தபோது வேடிக்கை பார்த்தவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். புதன்கிழமை மத்தியானம் அப்பா வந்து, பாசிங் காகிதத்தைத் தையல் மெஷின் மேல் வைத்துவிட்டுக் கைகழுவப் போனார். அந்த நட்டைப் பற்றி அவர் எங்களிடம் அதற்குப் பிறகு வாயைத் திறந்ததே இல்லை. அம்மாவும் குத்திக்காட்டவில்லை. அவள் அப்படித்தான்.

அந்த மாதிரி டாக்சி இன்று பம்பாய் ரோட்டில் ஒன்றுகூட இல்லை. வயதாகிவிட்டது என்று எங்களுடையதையும் உடைக்கக் கொடுத்தாயிற்று. கிங் சர்க்கிளில் நுழைவுத் தேர்வுப் புத்தகங்கள்தான் அடுக்கியிருக்கின்றன. என் காரோடு வந்த கையேட்டில் எதைத் திறந்தாலும், சர்வீஸ் சென்டரை அணுகவும் என்றே இருக்கிறது. இதில் கழற்றுவதே கிடையாதா என்று அம்மா கேட்டாள்.

அப்பா போய் நாலு வருஷம் ஆகிறது. சென்ற மாதம் அம்மாவை சான்பாடாவில் இருக்கும் என் வீட்டுக்குக் கூட்டிவர தாராவி வீட்டைக் காலி செய்தபோது, தையல் மெஷினுக்கு அடியிலிருந்து அந்தப் புத்தகம் கிடைத்தது. தானாகவே பிரேக் பக்கத்தில் திறந்துகொண்டது. மங்கிப்போன பென்சில் எழுத்துக்குக் கீழே, நான் இதுவரை பார்த்திராத ஒரு வரி, அப்பாவின் சாய்ந்த தமிழ் எழுத்தில் இருந்தது: “ஆமா, உல்டாதான்.”

எப்போது எழுதினார் என்று தெரியவில்லை. அம்மாவுக்கு அதைப் படித்துக் காட்டினேன். அவளுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. அந்த வரியை விரலால் தடவிக்கொண்டே கேட்டாள்:

“பென்சில்லயா, பேனாவுலயா?”

“பேனாதாம்மா.”

“அப்பம் சரி” என்று சொல்லிவிட்டு, புத்தகத்தை வாங்கித் தன் துணிப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.