ஜன்னலோரம் ஒரு கர்ச்சீப்

தினம் அரைமணி நேரம் நடக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். ஆறு நாள் ஆபீஸ், ஏழாவது நாள் துணி துவைப்பு என்று ஓடும் ஜீவிதா எப்போது நடப்பாள்? தாம்பரத்தில் மின்சார ரயில் கிளம்பக் கால்மணி நேரம் ஆகும். ஜன்னல் சீட்டில் கர்ச்சீப் போட்டு இடம்பிடித்துவிட்டு, பிளாட்பாரத்தில் நடந்தாள். மீதிக் கால்மணி மட்டும் கிடைக்கவேயில்லை.

ஒரு மார்கழிக் காலை, பனியில் ஸ்டேஷனே மிதந்தது. பக்கத்தில் பெட்டிகள் எதிர்த்திசையில் நகர, தன் நடைதான் வேகமெடுத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

போனில் எதிர் சீட்டு ஜெயக்கொடி. "அக்கா, எங்க இருக்கீங்க? வண்டி குரோம்பேட்டை வந்துடுச்சு. உங்க கர்ச்சீப் மட்டும் காத்து வாங்கிக்கினு வருது."

"அதையே ஆபீசுக்கு அனுப்பிடுடி."

அடுத்த ரயில் வரும்வரை நடந்தாள். அன்றைக்குத்தான் அரைமணி நிறைந்தது.